"பரவாயில்லை எண்டு சொன்னதுதான் பிழை!" - அப்பாவின் 27 மீட்டருக்காக வாதாடிய லண்டன் மகள்

லண்டனின் வடமேற்குப் பகுதியில், ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெரு. 2025 ஜூன் மாதத்தில் ஒரு காலை, 34 வயதுப் பெண் ஒருவர் அந்தத் தெருவின் நடைபாதையில் குனிந்தபடி அளவு நாடாவை இழுத்துக்கொண்டிருந்தார். நாடாவின் நீளம் ஐந்து மீட்டர்தான். அதனால் ஒவ்வொரு ஐந்து மீட்டருக்கும் சாக்பீஸால் ஒரு கோடு. தன் வீட்டு வாசலில் ஆரம்பித்து, ஐந்து வீடு தள்ளியிருக்கும் ஒரு குட்டைச் சுவர் வரை போய் நிமிர்ந்தார். 27 மீட்டர்.

"பக்கத்து வீட்டு அம்மா வந்து, வேலி போடப் போறீங்களோ எண்டு கேட்டவா. இல்லை, அப்பாவை அளக்கிறன் எண்டு சொன்னன். அவவுக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்று சிரிக்கிறார்.

அந்த 27 மீட்டரில்தான் வீட்டு வாசலில் நின்ற கார், வாரா வாரம் வந்த 77 பவுண்ட், அப்பாவின் மருத்துவமனைப் பயணம் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தன. குடும்பத்தின் வேண்டுகோள்படி இந்தக் கட்டுரையில் யார் பெயரும் இல்லை. "சனம் கதைக்கும். அப்பாவுக்கு அது பிடிக்காது" என்பது மகள் சொல்லும் காரணம்.

அப்பாவுக்கு வயது 64. யாழ்ப்பாணத்தில் இருந்து 90-களின் தொடக்கத்தில் லண்டன் போனவர். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை, பிறகு ஒரு பலசரக்குக் கடையில் கல்லா என்று சுமார் 30 ஆண்டுகள் நின்றுகொண்டே உழைத்தவர். முதுகுத்தண்டில் நரம்புகள் போகும் பாதை சுருங்கி, கால்களுக்குப் போகும் நரம்புகள் அழுந்தும் நோய் அவருக்கு. நிமிர்ந்து நடக்க நடக்கக் கால் எரியும், கனக்கும், மரத்துப்போகும். உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால் கொஞ்சம் விடும். முழங்கால் தேய்மானம் வேறு.

பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களுக்காக 'பெர்சனல் இண்டிபென்டன்ஸ் பேமென்ட்', சுருக்கமாக 'பிப்' என்ற உதவித்தொகை இருக்கிறது. 2013-ல் வந்தது. வேலை செய்கிறாரா, வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. உடல் அல்லது மன நலக் குறைவால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதுதான் கணக்கு. இதில் இரண்டு பகுதிகள். சமைப்பது, குளிப்பது, உடுத்துவது போன்றவற்றுக்கு அன்றாட வாழ்க்கைப் பகுதி. வெளியே போய் வருவதற்கு நடமாட்டப் பகுதி. இந்தக் குடும்பத்தின் கதை இரண்டாவதைப் பற்றியது.

ஒரு கிரிக்கெட் பிட்ச்

நடமாட்டத்தைப் புள்ளிகளால் அளக்கிறார்கள். வழி கண்டுபிடித்துப் போவது ஒரு கேள்வி. நடப்பது இன்னொரு கேள்வி. நடப்பதில் கணக்கு இப்படிப் போகிறது: 200 மீட்டருக்கு மேல் நடக்க முடிந்தால் புள்ளியே இல்லை. 50-க்கு மேல் 200 வரை என்றால் 4 புள்ளிகள். 20-க்கு மேல் 50 வரை, எந்தத் துணைக் கருவியும் இல்லாமல் என்றால் 8. அதே தூரத்தைக் கைத்தடி போன்ற கருவியோடு கடந்தால் 10. இருபது மீட்டரைத் தாண்ட முடியாது என்றால் 12.

எட்டுப் புள்ளி கிடைத்தால் சாதாரண விகிதம். 2025-26 நிதியாண்டில் அது வாரம் 29.20 பவுண்ட். 12 புள்ளி என்றால் உயர்ந்த விகிதம், 77.05 பவுண்ட். இந்த உயர்ந்த விகிதம் இருந்தால், அந்தப் பணத்தை அப்படியே கொடுத்து 'மோட்டபிலிட்டி' திட்டத்தில் ஒரு காரைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சாதாரண விகிதத்துக்குக் கார் கிடையாது.

இருபது மீட்டர் என்பது எவ்வளவு? டி.வி-யில் கிரிக்கெட் பார்க்கும் யாருக்கும் தெரிந்த தூரம்தான். ஒரு ஸ்டம்பிலிருந்து எதிர் ஸ்டம்ப் வரை 22 கஜம். மீட்டரில் 20.12. ஒரு பிட்ச்சைக் கடக்க முடியுமா, முடியாதா என்பதில்தான் கார் வருவதும் போவதும் இருக்கிறது. 'பிப்' வருவதற்கு முன்பிருந்த பழைய திட்டத்தில் 50 மீட்டரைத்தான் ஓர் எல்லைபோலப் பார்த்து வந்தார்கள். அதை 20 ஆகச் சுருக்கியபோது மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. எல்லை மாறவில்லை.

நம் ஊர் நடைமுறை வேறு. இந்தியாவில் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சதவிகிதம்தான் பேச்சு. 40 சதவிகிதம் என்று மருத்துவச் சான்றிதழ் இருக்க வேண்டும். அங்கே நோயின் பெயரோ சதவிகிதமோ புள்ளி தராது. அந்த நோயோடு நீங்கள் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதுதான் புள்ளி தரும். இந்த வித்தியாசம் புரியாமல், ஸ்கேன் ரிப்போர்ட் கட்டுகளை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற நம்மவர்கள் நிறைய.

தொலைபேசியில் ஐம்பது நிமிடம்

அப்பாவுக்கு முதன்முதலில் 12 புள்ளி கிடைத்தது. ஒரு கார் வந்தது. உயரமான இருக்கை, ஆட்டோமேட்டிக் கியர். ஓட்டுவது மகளும் மகனும். பிறகு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்சம் பலன் இருந்தது. உதவித்தொகைக்கு மறு ஆய்வுப் படிவம் வந்தபோது அதை அப்பாவே நிரப்பினார். 'ஆபரேஷன் நடந்தது, கொஞ்சம் சுகம்' என்று எழுதினார். அது உண்மைதான்.

சில மாதங்கள் கழித்து மதிப்பீட்டுக்கான தொலைபேசி அழைப்பு. இந்த மதிப்பீடுகளை அரசின் சார்பில் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. பேசுபவர் செவிலியர், பிசியோதெரபிஸ்ட், பாராமெடிக் போன்ற ஒரு சுகாதாரப் பணியாளர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "30 வருசமா இங்க்லீஷில யாவாரம் செய்தனான், எனக்கென்னத்துக்கு மொழிபெயர்ப்பாளர்?" என்பது அவர் கேள்வி. மகள் அன்று வேலையில் இருந்தார். அவர் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார்.

ஐம்பது நிமிடம் நடந்த பேச்சில் என்ன நடந்தது என்பது, பிறகு அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தபோதுதான் மகளுக்குத் தெரிந்தது. அந்த நகலைக் கேட்டு வாங்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. கட்டணம் இல்லை.

"நடப்பீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஸ்லோலி வோக் பண்ணுவன், நோ ப்ராப்ளம்" என்றிருக்கிறார் அப்பா. வாராவாரம் சூப்பர் மார்க்கெட் போவீர்களா? "ஓம், மகளோட போவன்." கோயிலுக்கு? "வெள்ளிக்கிழமையில போவன்." எவ்வளவு நேரம் நடப்பீர்கள்? "அஞ்சு நிமிசம் நடப்பன்."

எல்லாம் உண்மை. எதுவும் முழு உண்மை இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் அவர் நடப்பது டிராலி மீது முழங்கைகளை ஊன்றி, முன்னால் குனிந்தபடி. அவருடைய நோய்க்கு அந்தக் குனிவுதான் மருந்து. டிராலியை எடுத்துவிட்டால் அடுத்த அலமாரி வரை போக மாட்டார். கோயிலுக்கு மகன் வாசலில் இறக்கிவிடுவார். உள்ளே போனதும் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பூஜை முடியும் வரை அதில்தான். அந்த ஐந்து நிமிட நடையில் இரண்டு முறை சுவரைப் பிடித்து நிற்பதும் அடக்கம்.

அறிக்கையில், ஐந்து நிமிடம் நடப்பதாகச் சொல்வதால் 50 மீட்டருக்கு மேல், 200 மீட்டர் வரை நடக்கக்கூடும் என்று எழுதியிருந்தார்கள். 4 புள்ளிகள். 2025 மே மாதம் கடிதம் வந்தது. அன்றாட வாழ்க்கைப் பகுதி அப்படியே தொடரும், நடமாட்டப் பகுதி ரத்து.

"அப்பாவின்ர இங்க்லீஷ் கல்லாவில படிச்ச இங்க்லீஷ்" என்கிறார் மகள். "அதில இருக்கிறது மூண்டு சொல்லுதான். தேங்க்யூ, சொறி, நோ ப்ராப்ளம். வாடிக்கையாளர் ஆர் என்ன கேட்டாலும் நோ ப்ராப்ளம் எண்டு சொல்லிப் பழகின வாய். தமிழில கேட்டிருந்தாலும் பரவாயில்லை எண்டுதான் சொல்லியிருப்பார். முன்பின் தெரியாத ஒராளிட்ட, என்னால நடக்க ஏலாது எண்டு சொல்லுறது அவருக்கு மானப் பிரச்னை. பரவாயில்லை எண்டு சொன்னதுதான் பிழை!"

இது அந்த ஒரு அப்பாவின் சுபாவம் மட்டுமில்லை. 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால், மூச்சு வாங்கிக்கொண்டே 'நல்லாயிருக்கேன்' என்று சொல்லும் பெரியவர் இல்லாத தமிழ் வீடு எது?

பிள்ளையார் இறங்கிய நாள்

உயர்ந்த விகிதம் நின்றால் காரும் நிற்கும். மேல்முறையீடு நடக்கும் காலத்தில் பணம் தொடராது. வென்றால் பழைய தேதியிலிருந்து சேர்த்துத் தருவார்கள், அவ்வளவுதான். காரைத் திருப்பிக் கொடுக்கச் சில வாரங்கள் அவகாசம் கிடைத்தது.

கொடுப்பதற்கு முதல் நாள் அப்பா வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு காரின் கதவைத் துடைத்தார். எட்டிய வரைக்கும்தான். மிச்சத்தை மகன் துடைத்தார். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரைப் பிய்த்து எடுக்க வரவில்லை. ஹேர் ட்ரையர் கொண்டுவந்து பசையைச் சூடாக்கி எடுத்தார்கள். பிள்ளையார் இப்போது தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

"அண்டைக்கு அப்பா ஒண்டும் கதைக்கேல்லை. இரவு சாப்பிடேக்கதான், எல்லாம் என்ர பிழை பிள்ளை எண்டார்" என்கிறார் மகள். மறுநாளே அவர் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

முதல் படி, கட்டாய மறுபரிசீலனை. முடிவு அனுப்பிய துறையிடமே 'மறுபடி பாருங்கள்' என்று கேட்பது. கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும். நல்ல காரணம் இருந்தால் 13 மாதம் வரைகூடத் தாமதத்தை ஏற்க வாய்ப்புண்டு. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இந்தப் படியைத் தாண்டாமல் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது.

அப்பாவுக்காக மகள் பேசலாமா? பேசலாம். அப்பா சுயநினைவோடு தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்பவர் என்பதால் அவருடைய சம்மதம் போதும். தொலைபேசியில் என்றால் அவர் பக்கத்தில் இருந்து சம்மதம் சொல்ல வேண்டும். தீர்ப்பாயத்துக்கு என்றால் இன்னாரைப் பிரதிநிதியாக வைக்கிறேன் என்று கையெழுத்து. மறதி நோய் போன்ற காரணங்களால் ஒருவரால் தன் காரியத்தைப் பார்க்கவே முடியாது என்றால், அவருக்காக நிற்க ஓர் உறவினரை அரசே நியமிக்கும் ஏற்பாடு தனியாக இருக்கிறது. வழக்கறிஞர் கட்டாயமில்லை.

மகளின் முதல் கடிதம் நான்கு பக்கம். பெரும்பகுதி கோபம். அப்பா எவ்வளவு உழைத்தவர், எவ்வளவு வரி கட்டியவர், அதிகாரி எப்படி அவசரப்பட்டார் என்றெல்லாம் எழுதியிருந்தார். கட்டணமில்லாமல் ஆலோசனை தரும் உள்ளூர் மையம் ஒன்றில் அதைக் காட்டினார். அங்கிருந்த பெண்மணி பொறுமையாகப் படித்துவிட்டு, இதில் உன் அப்பா எத்தனை மீட்டர் நடப்பார் என்று எங்கேயும் இல்லையே என்று கேட்டார். அன்று மாலை வாங்கியதுதான் அந்த அளவு நாடா.

அந்தப் பெண்மணி இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். விதிகளில் நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒரு காரியத்தை ஒருவர் செய்வார் என்று எழுத வேண்டுமானால் அதை அவர் பாதுகாப்பாகச் செய்ய வேண்டும், ஏற்கத்தக்க விதத்தில் செய்ய வேண்டும், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய முடிய வேண்டும், நியாயமான நேரத்தில் செய்ய வேண்டும். நியாயமான நேரம் என்றால், அந்தக் குறைபாடு இல்லாத ஒருவர் எடுக்கும் அதிகபட்ச நேரத்தைப் போல இரண்டு மடங்குக்குள். விழுந்து எழுந்து ஒருமுறை 100 மீட்டர் போய்விட்டு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால், அது 100 மீட்டர் நடை இல்லை. மதிப்பீட்டு முடிவுகளை எதிர்ப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு இதுதான். எங்கோ சட்டப் புத்தகத்தில் கிடக்கும் இந்த விதியை யாரும் தேடிவந்து சொல்லிக் கொடுப்பதில்லை.

அதோடு, நல்ல நாள், கெட்ட நாள் கணக்கு. மொத்த நாட்களில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் ஒருவர் எப்படி இருக்கிறாரோ, அதற்குத்தான் புள்ளி.

28 நாள் குறிப்பேடு

மகள் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, 28 நாள் தொடர்ந்து எழுதினார். தினமும் காலையில் அப்பா கைத்தடியோடு வாசலில் இருந்து புறப்படுவார். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் ஆகிறது, உட்கார்ந்தபின் கால் சரியாக எத்தனை நிமிடம் பிடிக்கிறது, மறுபடி நடந்தாரா? நல்ல நாட்களில் அந்தக் குட்டைச் சுவர் வரை போனார். 27 மீட்டர். பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். கெட்ட நாட்களில் பக்கத்து வீட்டைத் தாண்டவில்லை.

28 நாளில் நல்ல நாள் 17. கெட்ட நாள் 11.

கணக்குத் தெரிந்தவர்களுக்கு இங்கே வயிற்றைப் பிசையும். கெட்ட நாள் 11-க்குப் பதில் 15 என்று இருந்தால் பாதியைத் தாண்டிவிடும். இருபது மீட்டருக்குள், 12 புள்ளி, கார் திரும்பி வரும். நான்கு நாள்தான் வித்தியாசம். அல்லது 27 மீட்டர் என்ற இடத்தில் 18 என்று எழுதினாலும் போதும்.

சித்தப்பா அதைத்தான் சொன்னார். "ஆர் வந்து அளக்கப் போகினம்? எல்லாரும் உப்பிடித்தான் எழுதுகினம்." மகளுக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியது என்பதை அவர் மறைக்கவில்லை. "பொய் எண்டும் சொல்ல ஏலாது. அவர் படுற பாட்டைப் பாத்தா பதினெட்டும் ஒண்டுதான், இருபத்தேழும் ஒண்டுதான்."

அப்பாதான் தலையை ஆட்டிவிட்டார். "30 வருசம் கல்லாவில நிண்டனான். ஒரு நாளும் ஒரு சதம் குறைஞ்சதில்லை, கூடினதும் இல்லை. உள்ளதை எழுது பிள்ளை."

உள்ளதை எழுதினார்கள். ஒன்றரைப் பக்கக் கடிதம், நோட்டின் நகல், முதுகு மருத்துவரின் கடிதம். மறுபரிசீலனையில் முடிவு மாறவில்லை. ஆகஸ்ட் மாதம் அந்தப் பதில் வந்தது. இந்தக் கட்டத்தில் சோர்ந்துபோய் விட்டுவிடுபவர்கள் ஏராளம். ஆனால் நீதித்துறை வெளியிடும் புள்ளிவிவரங்கள் வேறு ஒரு கதை சொல்கின்றன. சமீப ஆண்டுகளில் விசாரணை வரை போன 'பிப்' வழக்குகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, விண்ணப்பித்தவர் பக்கம்தான் முடிந்திருக்கின்றன. முதலில் கொடுத்த முடிவுகளின் தரம் பற்றி இதைவிட வெளிப்படையாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கும் ஒரு மாதம்தான் கெடு. செப்டம்பரில் மேல்முறையீடு போனது. கட்டணம் இல்லை. விசாரிக்கும் தீர்ப்பாயம், முடிவெடுத்த துறைக்குக் கீழே வருவதில்லை. நீதிமன்றங்களோடு சேர்ந்தது.

அப்பாவுக்கு அவசரம் இருந்தது. அரசு ஓய்வூதிய வயதைத் தாண்டிவிட்டால் இந்த நடமாட்டத் தொகையைப் புதிதாகப் பெறுவது ஏறக்குறைய நடக்காத காரியம். இப்போது விட்டால் விட்டதுதான்.

"ஃபைன், தேங்க்யூ"

2026 பிப்ரவரியில் விசாரணை. டாக்ஸியில் போனார்கள். நடுவில் நீதிபதி, ஒரு பக்கம் மருத்துவர், மறுபக்கம் மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையை நன்கு அறிந்த உறுப்பினர் ஒருவர். இந்த முறை தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மகள் எழுதிக் கேட்டிருந்தார். அதற்கும் கட்டணம் இல்லை.

உள்ளே நுழைந்ததும் நீதிபதி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஃபைன், தேங்க்யூ" என்றார் அப்பா.

"எனக்கு அங்கேயே நெஞ்சு நிண்டு போச்சு" என்கிறார் மகள்.

அடுத்து நீதிபதி சொன்னது இன்னும் பெரிய அடி. தீர்ப்பாயம் நினைத்தால் நடமாட்டப் பகுதியை மட்டுமல்ல, ஏற்கெனவே இருக்கும் அன்றாட வாழ்க்கைப் பகுதியையும் கையில் எடுக்கலாம். கூட்டலாம், குறைக்கலாம். அப்பாவுக்கு அதில் வாரம் 73.90 பவுண்ட் வந்துகொண்டிருந்தது. தொடர விருப்பமா, யோசிக்க நேரம் வேண்டுமா? ஆலோசனை மையத்துப் பெண்மணி இதை முன்பே எச்சரித்திருந்தார் என்றாலும், நீதிபதி வாயால் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. அப்பா மகளைப் பார்த்தார். "உள்ளதைத்தானே சொல்லப்போறம்" என்று தமிழில் சொன்னார். தொடர்ந்தார்கள்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியே இல்லை. கடைக்குப் போனால் கையில் என்ன பிடித்துக்கொள்வீர்கள்? ட்ரொலி என்றார் அப்பா. எழுந்து காட்ட முடியுமா, எப்படிப் பிடிப்பீர்கள்? அப்பா மேஜை விளிம்பில் முழங்கைகளை ஊன்றி, முதுகை வளைத்துக் காட்டினார். மருத்துவர் எதையோ குறித்துக்கொண்டார். அறிக்கையில் எதிராக நின்ற சூப்பர் மார்க்கெட், அந்த ஒரு நிமிடத்தில் கட்சி மாறிவிட்டது என்கிறார் மகள்.

பிறகு ஒரு சிக்கல். நடந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அப்பா "கால் விறைச்சுப் போகும்" என்றார். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். விறைப்பு என்றால் அவருக்கு இறுக்கம்தான். அப்படியே மொழிபெயர்த்தார். யாழ்ப்பாணத் தமிழில் விறைப்பது என்றால் மரத்துப்போவது. பல் பிடுங்கும்போது போடுவதை விறைப்பூசி என்பார்கள். கால் இறுகுவது வேறு, தரை தெரியாமல் மரத்துப்போவது வேறு. இரண்டாவதில் விழுந்துவிடும் ஆபத்து இருக்கிறது, 'பாதுகாப்பாக' என்ற நிபந்தனையே அதைத்தான் கேட்கிறது. மகள் கையை உயர்த்தி நீதிபதியிடம் அனுமதி வாங்கி விளக்கினார். மொழிபெயர்ப்பாளரும் உடனே திருத்திக்கொண்டார். ஒரே மொழி பேசுகிற இரண்டு பேர் நடுவில் ஒரு சொல் இப்படிக் காலை வாரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? மொழிபெயர்ப்பாளர் கேட்பவர்கள், எந்த ஊர்த் தமிழ் என்பதையும் சேர்த்து எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.

குறிப்பேட்டை மூவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். தீர்ப்பாயம் பார்ப்பது, முடிவு வந்த தேதியில் நிலைமை எப்படி இருந்தது என்பதை. அதற்குப் பிறகு நோய் முற்றியிருந்தால் அது இந்த வழக்கில் கணக்கில்லை. மே மாதம் வந்த முடிவுக்கு ஜூன் மாதம் எழுதிய நோட்டு என்பதால் அது பொருந்தியது. நவம்பரில் எடுத்த புதிய ஸ்கேனைக் காட்டியபோது ஒரு பார்வையோடு ஓரமாக வைத்துவிட்டார்கள்.

27 மீட்டர் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நாடா வைத்து அளந்தேன் என்றார் மகள். சாக்பீஸ் கோடுகளின் படத்தைச் செல்போனில் எடுத்து இணைத்திருந்தார்.

அரை மணி நேரம் வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு மறுபடி அழைத்தார்கள். 4 புள்ளி என்பது தவறு. பாதிக்கு மேற்பட்ட நாட்களில், கைத்தடியோடு, 20-க்கு மேல் 50 மீட்டருக்குள். 10 புள்ளிகள். அன்றாட வாழ்க்கைப் பகுதியில் கை வைக்கவில்லை.

10 புள்ளி என்றால் சாதாரண விகிதம். வாரம் 29.20 பவுண்ட், பழைய பாக்கியோடு. நடப்பதில் 8 அல்லது அதற்கு மேல் இருப்பதால் மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அனுமதியான ப்ளூ பேட்ஜும் கிடைக்கும். கார் கிடைக்காது. இதற்கு மேலே இன்னொரு தீர்ப்பாயம் உண்டு. ஆனால் சட்டப் பிழை இருந்தால்தான் அங்கே போகலாம். இங்கே பிழை எதுவும் இல்லை. கொடுத்த உண்மைக்குக் கிடைத்த சரியான புள்ளி அது.

வெளியே வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டார்கள். "பதினெட்டு எண்டு போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவரை, அப்பா போனை வாங்கி, வேறு கதை கேட்டுத் திசை திருப்பிவிட்டார்.

மகள் அந்த முடிவில் முழுத் திருப்தி என்று நடிக்கவில்லை. "கோபம் இருக்கு. ஏழு மீட்டருக்கு ஒரு கார் போச்சு. ஒராள் 19 மீட்டர் நடந்தா அவரால ஏலாது, 27 நடந்தா ஏலும் எண்டு ஒரு கோடு. அந்தக் கோட்டைக் கீறினவை எங்கட அப்பாவைப்போல ஒரு நாள் நடந்து பாக்கோணும். ஆனா நாலு புள்ளி எண்டது பொய். அந்தப் பொய்யை அழிச்சம். அது எனக்குக் காணும்."

பாக்கித் தொகை ஆயிரம் பவுண்டுக்குச் சற்று மேல் வந்தது. மகன் தன் சேமிப்பையும் போட்டு 11 வருடப் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். இருக்கை உயரம் போதாது, ஏறும்போது அப்பாவின் இடுப்பைப் பிடித்துவிட ஆள் வேண்டும். ப்ளூ பேட்ஜ் இருப்பதால் மருத்துவமனை வாசலுக்குப் பக்கத்திலேயே நிறுத்த முடிகிறது. அங்கிருந்து கதவு வரை எத்தனை மீட்டர் என்று மகள் சொல்லிவிடுவார். 14. இப்போதெல்லாம் எந்த இடத்துக்குப் போனாலும் கண் தானாக அளக்கிறதாம்.

தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளோடு தங்கப் போயிருக்கும் பெற்றோர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு நமக்கும் கிடைக்குமா என்று கேட்கக்கூடும். பொது நிதி உதவி இல்லை என்ற நிபந்தனையோடு வரும் விசாக்களில் இருப்பவர்கள் இதைக் கேட்க முடியாது. மாணவர், வேலை விசாக்கள் பெரும்பாலும் அந்த வகைதான். ஸ்காட்லாந்தில் இதே வேலையைச் செய்யும் உதவித்தொகைக்குப் பெயரும் அலுவலகமும் வேறு. இந்தியாவில் சான்றிதழ் சதவிகிதத்தில் குறை இருந்தால், அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 2016 சட்டத்தின் 59-வது பிரிவு இடம் தருகிறது. அதைப் பயன்படுத்தலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

அடுத்த மறு ஆய்வு மூன்று ஆண்டுகளில் வரும். குறிப்பேட்டை இப்போது மகள் எழுதுவதில்லை. அப்பாவே எழுதுகிறார், கடையில் கணக்கு எழுதிய அதே குண்டு குண்டு எழுத்தில், தேதி இடது பக்கம், விஷயம் வலது பக்கம். பெரும்பாலான வரிகளில் 'சுவர் வரை' என்று இருக்கிறது. போன வியாழக்கிழமைக்கு நேரே இரண்டே சொற்கள். 'ஏலாமல் போச்சு.'

"அவர் அந்தச் சொல்லை எழுதி நான் பாத்தது இதுதான் முதல் தரம்" என்கிறார் மகள்.